பறவை ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டக் குறிப்பு உங்கள் கையில் இருக்கிறது. கணக்கைப் பொருளாளர் படிப்பார். மாதக் கூட்டங்களில் பெரும்பொழுது ஒரே கேள்விக்குப் போனது: இராணுவ நிலத்தில் பறவை ஏன் தங்குகிறது, அதில் எது மலேசியாவில் நம் குளுவாங் செம்பனை (எண்ணெய்ப்பனை)க் காட்டுக்கு ஒத்துவரும்?

வேலி போட்டதால் பிழைத்தது என்பது பாதி உண்மை. அமெரிக்காவில், வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் இராணுவ முகாமில் கன்னத்தில் சிவப்புக் கீற்றுள்ள சிறிய மரங்கொத்தி ஒன்று இருக்கிறது. 1970இல் அழியும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. உயிருள்ள முதிர்ந்த பைன் மரத்தில்தான் பொந்து கொத்தும். ஒரு பொந்து முடிய ஆண்டுக்கணக்காகும். குண்டு விழுந்து அடிக்கடி தீப்பிடித்த திடல்களில் கீழ்ப்புதர் கருகிக் காடு வெளிவாங்கிக் கிடந்தது. தீ நின்ற இடத்தில் அகன்ற இலைமரங்கள் பொந்து மட்டத்துக்கு வளர்ந்ததும் பறவை மரத்தைக் கைவிட்டது. அதனால் இன்று சுமார் 3 ஆண்டுக்கு ஒருமுறை திட்டமிட்டே எரிக்கிறார்கள். எரிக்குமுன் பொந்து மரத்தடியில் சருகை வாரிவிட வேண்டும். பொந்தைச் சுற்றி வழியும் பிசின் பாம்பை அண்டவிடாது. தீ எட்டினால் அதே பிசின் திரியாகிவிடும்.

முதிர்ந்த மரம் குறைந்த இடத்தில் சங்கிலி ரம்பத்தால் மரத்தைக் குடைந்து மரப்பெட்டி செருகுகிறார்கள். இடுக்கைச் சரியாக அடைக்காவிட்டால் பிசின் உள்ளே கசிந்து பறவை ஒட்டிச் சாகும். பெரிய மரங்கொத்திகள் பொந்தின் வாயை அகலமாக்காதபடி உலோகத் தகடு அடிக்கிறார்கள். 2024இல் இந்த இனம் ஒரு படி பாதுகாப்பான பட்டியலுக்கு மாறியது.

தீ நமக்கு ஆகாது. திறந்தவெளியில் எரிப்பதை 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. கரிமண் (பீட்) நிலத்தில் பிடித்தால் அணைப்பதும் பெரும்பாடு. வேலியின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. பாடலுக்காகப் பிடித்துப் பிடித்தே பாராவ்-பாராவ் என்ற வைக்கோல்நிறத் தலையுள்ள குருவி அருகிப்போனது. கண்ணி வைப்பவன் நுழைய முடியாத நிலம் எதுவானாலும் அதற்குப் புகலிடமே.

நாம் கொண்டுவரக்கூடியது பெட்டி வைக்கும் பழக்கம். தோட்டத்து எலியைத் தின்னும் ஆந்தையான கூகைக்குப் பெட்டி 5 முதல் 10 ஹெக்டருக்கு ஒன்று, கம்பத்தில் 4 அல்லது 5 மீட்டர் உயரத்தில். கூகை கூடு கட்டாது, வெறும் பலகையில் முட்டையிடும். ஆகவே வாசலின் கீழ்விளிம்பு தரைப்பலகையிலிருந்து இரண்டு சாணாவது உயர இருக்க வேண்டும், இல்லையேல் குஞ்சு உருண்டு கீழே விழும். அடியில் வடிகால் துளை, கம்பத்தைச் சுற்றி வழுக்கும் தகரம். குஞ்சு பறக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். எட்டிப் பார்க்காமல் பெட்டியைத் துப்புரவு செய்யாதீர்கள். காலிப் பெட்டியில் தேனீ குடியேறும், ஏணியில் ஏறுமுன் கீழே நின்று காது கொடுங்கள்.

எலிமருந்து தனிச் சங்கடம். பிரோடிஃபாகம் தின்ற எலி உடனே சாகாது; சில நாள் தள்ளாடித் திரியும், கூகைக்கு எளிதில் சிக்கும், நஞ்சும் கூடவே போகும். அந்த மருந்தை நிறுத்தாத தோட்டப் பிரிவில் பெட்டி வைப்பது விருந்துக்கு அழைத்து விஷம் வைப்பதுதான். முதலில் தோட்ட நிர்வாகத்திடம் பேசி மருந்தை நிறுத்தவைப்போம், பெட்டி பிறகு.

வீட்டில் கிடக்கும் தகரம், ரப்பர்மரப் பலகை உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் உதவிச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பலகையில் கரையான் அரித்திருந்தால் வேண்டாம்.

அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.