நம் மாணவியர் கூடைப்பந்து அணி ஏன் மெதுவாக ஆடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள நம் பள்ளி மாணவியரின் கூடைப்பந்து அணி இந்தப் பருவத்தில் மிக மெதுவாக ஆடுகிறது என்றும், பிள்ளைகளுக்கு ஓட மனமில்லை, ஆகவே பயிற்சி நேரத்தில் மைதானத்தை இன்னும் பல சுற்றுகள் ஓடவிட வேண்டும் என்றும் ஒரு பெற்றோர் சென்ற வாரம் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அணி மெதுவாக ஆடுவது உண்மை. ஆனால் அதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வதை, உடற்பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், என் பேத்தி ஆடும் ஆட்டங்களை விடாமல் பார்த்து வருபவன் என்ற முறையிலும் என்னால் ஏற்க முடியவில்லை.

கூடைப்பந்துக் களத்தின் நீளம் 28 மீட்டர். இந்த அணியில் உள்ள எந்தப் பெண்ணும் அந்தத் தொலைவை ஏறக்குறைய ஐந்து விநாடிகளில் ஓடிவிடுவாள். பந்து கைக்கு வந்த அணி 8 விநாடிக்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும், 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிய வேண்டும் என்பது சர்வதேச விதி. நம் அணி ஏழாவது விநாடியில்தான் நடுக்கோட்டைத் தாண்டுகிறது என்றால், மீதி நேரம் ஓட்டத்தில் போகவில்லை, நிற்பதில் போயிருக்கிறது. எதிரணியின் எறிதல் தவறிப் பந்து பலகையில் பட்டுத் திரும்பும்போது நம் உயரமான பெண் துள்ளி அதைப் பிடிக்கிறாள். பிடித்ததும் இடுப்பளவுக்கு இறக்கி, இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று பார்க்கிறாள். பந்தை முன்னே கொண்டுசெல்ல வேண்டிய சிறிய பெண்ணோ பக்கக் கோட்டை நோக்கி விரிந்து ஓடாமல், நம் வளையத்தை நோக்கியே திரும்பி வந்து கைக்குக் கை வாங்குகிறாள். அவள் உடலைத் திருப்பி எதிர்ப்பக்கம் பார்க்கும் நேரத்தில் எதிரணியின் நால்வர் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். விரைவுத் தாக்குதல் என்பது இருவருக்கு எதிராக மூவர், அல்லது ஒருவருக்கு எதிராக இருவர் என்று இரண்டு மூன்று விநாடிகள் மட்டுமே கிடைக்கும் ஓர் எண்ணிக்கைச் சாதகம். அது நம் வளையத்தின் அடியிலேயே வீணாகிவிடுகிறது. பந்தைப் பிடிக்கும் உயரமானவரின் கையிலிருந்தே அது தொடங்க முடியும்: 1957 முதல் 1969 வரை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் 11 முறை பட்டம் வென்ற பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் விரைவுத் தாக்குதல் பில் ரஸ்ஸலின் கையில் தொடங்கியது. அவர் அந்த அணியின் மிக உயரமான ஆட்டக்காரர்களில் ஒருவர், பின்னால் நின்று வளையத்தைக் காத்தவர்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறொன்று. இந்தப் பெண்களில் பெரும்பாலோர் சிறு வயது முதல் நெட்பால் ஆடியவர்கள்; கூடைப்பந்தைப் போல வளையத்தில் பந்தை எறியும், ஆனால் விதிகள் வேறான ஆட்டம் அது. 2023-ல் நெட்பால் உலகக் கோப்பையைக் கேப் டவுனில் நடத்திய தென்னாப்பிரிக்காவில் இது இயல்பு, பெருமைக்குரியதும்கூட. ஆனால் அந்த ஆட்டம் கற்றுத்தந்த பழக்கங்கள் சில கூடைப்பந்தில் குறுக்கே நிற்கின்றன. நெட்பாலில் பந்து வைத்திருப்பவரைத் தடுக்க வருபவர் 0.9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆகவே பந்தைப் பிடித்தபின் நிமிர்ந்து பார்க்க ஒரு கணம் உறுதியாகக் கிடைக்கும். கூடைப்பந்தில் அந்தக் கணம் இல்லை, இரண்டு பேர் மேலேயே வந்து விழுவார்கள். நெட்பாலில் ஒவ்வொருவருக்கும் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் நடுவர் ஊதுவார். காவல் பக்கம் ஆடிப் பழகிய பெண் கூடைப்பந்திலும் நடுக்கோட்டருகே வந்ததும் தன்னை அறியாமலே வேகத்தைக் குறைப்பதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். நெட்பாலில் கோல் விழுந்ததும் ஆட்டம் மீண்டும் நடுவட்டத்திலிருந்துதான் தொடங்கும், அனைவரும் தத்தம் இடத்துக்குத் திரும்பலாம். கூடைப்பந்தில் அப்படி ஒரு நிறுத்தம் இல்லை. எதிரணி புள்ளி எடுத்தவுடன் வலையிலிருந்து விழும் பந்தை எடுத்து, அடிக்கோட்டுக்கு வெளியே சென்று உடனே உள்ளே எறிய வேண்டும். நம் பெண்கள் அந்த நேரத்தில் முன்னே நடந்து போகிறார்கள், பந்து கேட்பாரற்றுக் கிடக்கிறது. சுற்று ஓட்டம் இந்தப் பழக்கங்களில் ஒன்றைக்கூட மாற்றாது.

அதே நெட்பால் இவர்களுக்குத் தந்திருக்கும் செல்வமும் உண்டு. மூன்று விநாடிக்குள் பந்தைக் கைமாற்ற வேண்டும், தரையில் தட்டிக்கொண்டு போகக் கூடாது என்ற விதிகளில் வளர்ந்தவர்கள் இவர்கள். பிடிப்பதிலும் எறிவதிலும் இவர்களுக்கு இணையான அணி இந்த வட்டாரத்தில் இல்லை என்று துணிந்து சொல்வேன். அப்படியிருக்க, ஒரே பெண்ணைப் பந்தைத் தட்டிக்கொண்டு களம் முழுதும் வரச் செய்வது எதற்கு? எறிந்த பந்து எந்தக் காலையும் முந்தும். தரையில் ஒரு முறைகூடத் தட்டாமல் மூன்று கைமாற்றங்களில் இவர்களால் எதிர் வளையத்தை அடைய முடியும்.

வேகம் தடுப்பாட்டத்தில் தொடங்குகிறது என்பதையும் மறக்கக் கூடாது. எதிரணி புள்ளி எடுத்தாலும், நாம் ஃபவுல் செய்து விசில் ஊதப்பட்டாலும் அவர்கள் நிதானமாகத் திரும்பிச் சென்று அணிவகுத்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. ஃபவுல்களைக் குறைக்காமல் வேகத்தை மட்டும் கேட்பதில் பயன் இல்லை. தடுப்பு இல்லாத வேகத்துக்கு 1990-91 பருவத்தின் அமெரிக்க டென்வர் நகெட்ஸ் அணியே சான்று: ஆட்டத்துக்குச் சராசரியாக 119.9 புள்ளிகள் எடுத்து 130.8 புள்ளிகள் விட்டுக்கொடுத்தது, 20 ஆட்டங்களில் வென்று 62-ல் தோற்றது.

டர்பனின் கோடை ஈரப்பதத்தில் நான்கு பத்து நிமிடப் பகுதிகளையும் அதே ஐந்து பேர் ஆடினால், தங்கள் மூச்சைச் சேமித்துக்கொள்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. விதி 12 பேரை அனுமதிக்கிறது, மாற்று ஆட்டக்காரர்களுக்கான நம் இருக்கையிலும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களை இறக்குவதில்லை.

பயிற்சியாளரின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து குரல் கொடுத்து எந்த ஆட்டமுறை என்று அவரே சொல்வதால், பந்து வைத்திருக்கும் பெண் முன்னே பார்க்காமல் அவர் முகத்தையே பார்க்கிறாள். மைக் டி'ஆன்டோனியின் பயிற்சியில் 2004-05 பருவத்தில் 62 ஆட்டங்களை வென்ற அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியில், முடிவெடுக்கும் பொறுப்பு பந்தை நடத்திய ஸ்டீவ் நாஷிடம் விடப்பட்டிருந்தது, மற்றவர்கள் மூலைகளுக்கு அகன்று ஓடி அவருக்கு வழிவிட்டார்கள்.

ஆகவே பெற்றோர் குழுவுக்கும் பள்ளிக்கும் என் வேண்டுகோள் இது: சுற்று ஓட்டத்துக்கு ஒதுக்கும் நேரத்தை, பலகையில் பட்ட பந்தைப் பிடித்தவுடன் இறக்காமல் பக்கக் கோட்டுக்கு எறிவதற்கும், இருவருக்கு எதிராக மூவர் ஆடுவதற்கும் கொடுங்கள். நட்பு ஆட்டங்களிலாவது முதல் பகுதி முழுதும் வெளியிலிருந்து யாரும் குரல் கொடுக்காதீர்கள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் நாமும் "ஓடு, ஓடு" என்று கத்துவதை நிறுத்துவோம், அந்தப் பெண்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்