உன் ஓட்டுக் கணக்குக்கு என் பதில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்குக் காது குத்திய படங்களை வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. காலையில் அல்சூர் ஏரி வரை நடந்துவிட்டு வருகிறார்.

நீ எழுதிய ஓட்டு விஷயம்தான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "லட்சக்கணக்கான பேர் போடுகிற இடத்தில் நான் போனால் என்ன, போகாவிட்டால் என்ன?" என்று கேட்டிருந்தாய். சோம்பேறிப் பேச்சு என்று இதைத் தள்ளிவிட மனம் வரவில்லை. கணக்குப்படி நீ சொல்வது சரிதான்.

இங்கே பெங்களூரில் என் தங்கை இருக்கும் ஜெயநகர் தொகுதியையே எடுத்துக்கொள். 2023 சட்டமன்றத் தேர்தலில் பா.ஜ.க.வின் ராமமூர்த்திக்கு 57,797, காங்கிரஸின் சௌமியா ரெட்டிக்கு 57,781. வித்தியாசம் 16 ஓட்டு. முதலில் சௌமியாதான் முன்னால் இருந்தார். செல்லாது என்று ஒதுக்கிய தபால் ஓட்டுகளை மறுபடி பார்த்தபிறகு முடிவு மாறியது. அன்று ராத்திரி தங்கை போனை வைக்கவே இல்லை. ஆனால் அங்கேகூட யாரோ ஒருவர் வீட்டிலேயே இருந்திருந்தால் 16 என்பது 15 ஆகியிருக்கும், இல்லை 17 ஆகியிருக்கும். அவ்வளவுதான். ஒரே ஓட்டில் தோற்றவர்களும் உண்டு: 2004இல் நம் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் கிருஷ்ணமூர்த்தி, 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி. அதெல்லாம் அபூர்வம். அதை நம்பி யாரும் வரிசையில் நிற்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

நான் சொல்ல வருவது வேறு. யாருக்குப் போட்டாய் என்பது ரகசியம். உன் வாக்குச்சாவடிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது ரகசியமே இல்லை. தேர்தல் முடிந்ததும் படிவம் 20 என்று ஒன்று வெளியாகும். எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று வரிசையாக அதில் இருக்கும். கட்சிக்காரர்கள் அதைக் கரைத்துக் குடித்திருப்பார்கள். ஒரு சாவடி என்றால் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு பேர். அந்தக் கூட்டத்தில் உன் வீட்டு நான்கு ஓட்டு சின்ன எண்ணிக்கை இல்லை.

2024 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை, நாடாளுமன்றத் தேர்தலுக்கு இங்கே ஓட்டுப் போட்ட நாள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். எங்கள் தெருமுனைப் பந்தலில் ஒரு கட்சிப் பையன் வாக்காளர் பட்டியலை விரித்து, ஸ்கேலை ஒவ்வொரு பெயருக்கும் கீழே வைத்து, வந்தவர்களைச் சிவப்பு மையில் டிக் போட்டுக்கொண்டிருந்தான். லைன் வீடுகள் இருக்கும் பக்கம் முழுக்கச் சிவப்பு. எதிரே இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பக்கம் கிட்டத்தட்ட வெள்ளை. லீவைச் சேர்த்து ஊருக்குப் போயிருப்பார்கள். பெரியவர் ஒருவர், "அங்கே ஒரு தடவை போய்க் கூப்பிட்டுப் பாரேன்" என்றார். "அவங்க வர மாட்டாங்க சார், விடுங்க" என்று சொல்லிவிட்டு, லைன் வீடுகளில் மிச்சமிருந்த இரண்டு கதவைத் தட்டக் கிளம்பினான். அந்த 'விடுங்க' எனக்குச் சுருக்கென்றது. கோடையில் தண்ணீர் லாரி எந்த முனையில் முதலில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் அந்தத் தாளை நினைக்காமலா இருப்பார்கள்? அந்த வருஷம் பெங்களூரின் மூன்று தொகுதிகளிலும் ஓட்டுப்பதிவு 55 சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை. பக்கத்து மண்டியாவில் 80ஐத் தாண்டியது.

ஓட்டே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊரில் பார்த்துவிட்டோம். பழைய பெங்களூர் மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015இல். 2020 செப்டம்பரில் கவுன்சிலர்களின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் தேர்தல் இல்லை, அதிகாரிகள் ஆட்சிதான். எங்கள் பழைய கவுன்சிலர் ஒன்றும் உத்தமர் இல்லை. ஆனால் சாக்கடை அடைத்துக்கொண்டால் காலையில் அவர் வீட்டு வாசலில் நாலு பேர் போய் நிற்கலாம், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தே ஆக வேண்டும். அடுத்த தேர்தலில் அவருக்கு நாங்கள் வேண்டும், அதனால் வருவார். இப்போது செயலியில் புகார் பதிகிறோம். ஒரு எண் வருகிறது. 'தீர்க்கப்பட்டது' என்றும் வந்துவிடுகிறது. சாக்கடை அப்படியே இருக்கிறது. நான் போகாத தேர்தலில் எது மாறிவிட்டது என்று நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்த நேரான பதில் இதுதான்: உன்னைத் தேடி வரவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போகிறது.

அப்புறம், உன் பெயர் இன்னும் இங்கே எங்கள் சாவடிப் பட்டியலில்தான் இருக்கிறது. மதுரைக்குப் போய் இத்தனை வருஷம் ஆகியும் நீ மாற்றவில்லை. முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 போட்டால் போதும், போனிலேயே முடிந்துவிடும். உன் பையனிடம் சொல். மருமகளுக்கும் சேர்த்தே செய்யச் சொல், அவள் பெயர் அவளுடைய அப்பா வீட்டு முகவரியில்தான் இருக்கும். ஆதாரும், வீட்டு முகவரிக்கு ஒரு சான்றும் கையில் இருக்கட்டும்.

தங்கை மகனுக்குத் தையில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். பத்திரிகை தனியாக வரும். குடும்பத்தோடு வந்து இரண்டு நாளாவது தங்கிவிட்டுப் போ. மிச்சத்தை நேரில் பேசலாம், நீ மறுத்துப் பேசுவாய் என்று தெரியும்.

அன்புடன்,
மணி