அடைக்கோழியைத் தண்ணீரில் முக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுப் பின்புறக் கோழி வளர்ப்பு பற்றிச் சென்ற வாரம் வெளியான கட்டுரையில், அடையில் உட்கார்ந்த கோழியை, அதாவது முட்டையிடுவதை நிறுத்திவிட்டுக் குஞ்சு பொரிக்கப் பெட்டியிலேயே கிடக்கும் கோழியை, வாளித் தண்ணீரில் இரண்டு முறை முக்கி எடுத்தால் அடை தெளிந்துவிடும் என்று இருந்தது. பெங்களூரு வாசகர்கள் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். சித்திரை வெயிலில் ஊர்ப்பக்கம் செய்கிற வேலை அது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15 டிகிரி வரை இறங்கும் இந்த ஊரில், நனைந்த அடி இறகு லேசில் காயாது, கோழி விறைத்துப்போகும். இவ்வளவு செய்தும் அடை தெளிகிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. உடம்பு காய்ந்ததும் நேராக முட்டைப் பெட்டிக்குத்தான் போகும்.

அடிவயிறு கதகதப்பான இடத்தில் படிந்திருக்கும் வரை கோழி உடம்பில், அடைகாக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் சுரப்பு குறையாது. அது குறையாமல் முட்டையும் வராது. ஆகவே ஒரு நிமிடம் நனைப்பது போதாது, சில நாள் விடாமல் அடிவயிற்றில் காற்றுப்பட வேண்டும். கோழியின்மேல் பஞ்சாரத்தை (மூங்கில் கூடையை) கவிழ்த்து மூன்று நாள் ஆகியும் தெளியவில்லை என்பார்கள். எப்படித் தெளியும்? உள்ளே இருட்டு, கீழே உடம்புச் சூடு ஏறிய தரை. அடைக்கு இதைவிட நல்ல இடம் உண்டா? அடை தெளிய மூக்கில் இறகைக் குத்துவது வெறும் சித்திரவதை. புண்ணாகிச் சீழ் வைக்கும். பட்டினி போடுவதும் தப்பு. அடையில் ஏற்கெனவே எடை இழந்த கோழி அது. மேலும் மெலிந்தால் முட்டைக்குத் திரும்ப இன்னும் நாளாகும்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், அதே உயரத்தில் ஒரு கூண்டு, அடிப்பக்கமும் வெல்மெஷ் கம்பி வலை. கண் ஒரு அங்குலத்துக்கு மேல் போனால் கால் சிக்கும். நான்கு மூலையிலும் செங்கல் அடுக்கி, தரையிலிருந்து ஓரடி தூக்கி வையுங்கள். உள்ளே சாக்கு, வைக்கோல், அட்டை எதுவும் கூடாது. பாவப்பட்டு ஒரு துண்டுச் சாக்கைப் போட்டால்கூட அதன்மேல் அடை தொடரும். முட்டைக்கோழிக்கான லேயர் தீவனமும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். இடம் நிழலாக, வெளிச்சமாக, மற்ற கோழிகள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். குளிர்காலத்தில் இரவுக் காற்றுக்குப் பக்கவாட்டில் சாக்குத் தொங்கவிடலாம், அடியில் மட்டும் கூடாது. பெருச்சாளியும் பூனையும் நம் தெருக்களில் குறைவில்லை என்பதால் கதவுக்குக் கொக்கி அவசியம். மூன்றாம் நாள் மத்தியானம் திறந்துவிட்டுப் பாருங்கள். மண்ணைக் கிளறி மேய்ந்தால் தெளிந்துவிட்டது. பெட்டியைத் தேடி ஓடினால் மறுபடியும் இரண்டு நாள் கூண்டு. அதன்பின் முட்டை வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம், அவசரப்பட்டுப் பயனில்லை.

கூண்டில் போடுமுன் அது அடைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கை நீட்டினால் இறகைச் சிலிர்த்து, கொர்ரென்று உறுமிக் கொத்த வருவது அடைக்கோழி. நாளுக்கு ஒருமுறை இறங்கி, நாற்றம் தாங்காத பெரிய எச்சம் ஒன்றைப் போட்டு, அவசரமாகத் தின்றுவிட்டுத் திரும்ப ஓடும். கண்மூடி, தொட்டாலும் சும்மா கிடப்பது நோய்க்கோழி. வாலை ஆட்டி முக்கிக்கொண்டிருந்தால் முட்டை சிக்கியிருக்கலாம். இவற்றுக்குக் கூண்டு அல்ல, வைத்தியம் தேவை.

இன்னொரு வழியைக் கட்டுரை தொடவே இல்லை: அடையைப் பயன்படுத்திக்கொள்வது. பக்கத்து வீட்டுச் சண்டைக்குப் பயந்து நகரத்தில் பலர் சேவல் வைப்பதில்லை. சேவல் சேராத முட்டையில் கரு இருக்காது; அதில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் மிஞ்சுவது பொரிக்காத கூமுட்டைதான். ஆனால் கரு உள்ள முட்டை வெளியில் வாங்கி வைக்கலாம். ஹெப்பால் கால்நடைக் கல்லூரியில் உருவான கிரிராஜா தானாக அடை உட்காராத இனம். அதன் முட்டைக்கு நாட்டுக்கோழி நல்ல தாய். நாட்டு முட்டை என்றால் பத்துப் பன்னிரண்டு கொள்ளும்; கிரிராஜா முட்டை பெரிது, எட்டோடு நிறுத்துங்கள். கூடுதலாக வைத்தால் ஓரத்து முட்டை குளிரும். கோழி உருட்டி உருட்டி இடம் மாற்றுவதால் எல்லா முட்டைக்கும் அந்தக் குளிர் முறை வைத்து வரும். ஒரு வாரத்துக்கு மேற்பட்டது, கழுவியது, பிரிட்ஜில் இருந்தது வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வையுங்கள். கூடையில் அடியில் மணல், மேலே வைக்கோல். கோழியின் இறகுக்குள் சாம்பலைத் தேய்த்துவிடுங்கள். செள் என்னும் சிறு பூச்சி பிடித்தால் பாதி அடையில் எழுந்துவிடும். ஏழாம் நாள் இரவு முட்டையை டார்ச் வெளிச்சத்தின்மேல் பிடித்துப் பார்த்து, நரம்பு ஓடாத முட்டையை எடுத்துவிடலாம். இடியில் முட்டை கெடும் என்று பயந்து இரும்பாணியும் கரித்துண்டும் மிளகாயும் வைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும், கெடுதல் இல்லை. மே மாத மழையில் முட்டையைக் கெடுப்பது சாரலில் நனைந்த வைக்கோல்.

21 நாள் காத்திருக்க முடியாதவர்கள் ஒருநாள் குஞ்சு வாங்கி வளர்க்கக் கொடுக்கலாம். கோழி குறைந்தது இரண்டு வாரமாவது அடையில் இருந்திருக்க வேண்டும். நன்றாக இருட்டியபின், விளக்குப் போடாமல், முட்டையை எடுத்துவிட்டு ஒவ்வொரு குஞ்சாக வயிற்றுக்கடியில் தள்ளுங்கள். விடியும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். கொக்கரித்துக் கூப்பிட்டால் சரி. கொத்தினால் உடனே பிரித்து, பல்புச் சூட்டில் நீங்களே வளர்க்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
வாசகர், அல்சூர், பெங்களூரு