எங்கள் வயலில் இருக்கும் கிணற்றின் கணக்கைச் சொல்லுங்கள்: பெட்ரோலியத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மாவட்டம் புவனகிரி வட்டத்தில் நெல் பயிரிடும் விவசாயி நான். கச்சா எண்ணெய் உற்பத்திக் கணக்கு பற்றிய செய்தியை நாளிதழில் படித்த பிறகு, இனியும் பொறுத்திருக்க முடியாமல் இந்த மடலை எழுதுகிறேன்.

ஒன்றிய அரசின் எண்ணெய், எரிவாயு நிறுவனமான ஓஎன்ஜிசி உள்நாட்டில் தானே எடுத்த கச்சா எண்ணெய் 2023-24இல் சுமார் 1 கோடியே 84 லட்சம் டன். 2024-25இல் அது சுமார் 1 கோடியே 85½ லட்சம் டன். நூற்றுக்கு ஒன்றுகூட ஏறவில்லை. ஆனாலும் பல ஆண்டுச் சரிவுக்குப் பின் வந்த ஏற்றம் என்பதால் அது செய்தியாகிறது, அதில் தவறில்லை. வெளிநாட்டுக் கணக்கும் இப்படியே விவரமாக வருகிறது. அதன் துணை நிறுவனமான ஓஎன்ஜிசி விதேஷ் 2021-22இல் அயல்நாட்டு வயல்களிலிருந்து சுமார் 81 லட்சம் டன் எண்ணெயைத் தன் பங்காகப் பெற்றது. அடுத்த ஆண்டே அது சுமார் 63 லட்சம் டன்னாகச் சரிந்தது. 2023-24இல் மீண்டும் 72 லட்சம் டன்னை ஒட்டி ஏறியது. சரிந்ததற்குக் காரணமும் ஊரறிய விளக்கப்பட்டது. உக்ரைன் போருக்குப் பின், வயலை நடத்திவந்த அமெரிக்க நிறுவனமான எக்ஸான்மொபில் ரஷ்யாவை விட்டு வெளியேறியதும், நம்முடைய 20 விழுக்காட்டுப் பங்கு இருக்கும் ரஷ்யாவின் சகாலின்-1 வயலில் உற்பத்தி ஏறக்குறைய நின்றேபோனது என்பதை எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் நாளிதழ் படிப்பவர்கள்கூட அறிவார்கள்.

சகாலின் தீவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிகிறது. என் வயலுக்கு மூன்று வரப்பு தள்ளி இருக்கும் கிணற்றில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நிலத்தின் உரிமையாளருக்கும் தெரியவில்லை. கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சிக்கும் தெரியவில்லை. அந்தக் கிணறு ஓடுகிறதா, நின்றுவிட்டதா, கைவிடப்பட்டதா? இதைச் சொல்லுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இந்தப் பகுதியின் வரலாறு உங்கள் அமைச்சகம் அறியாதது அல்ல. காவிரிப் படுகையில் 1950களின் இறுதியிலேயே தேடல் தொடங்கியது. 1980களில் நரிமணத்திலும் எங்கள் புவனகிரியிலும் எண்ணெய் கிடைத்தது. நாற்பது ஆண்டுகளாக நாங்கள் கிணறுகளுக்கு நடுவில் உழுகிறோம். மாநில அளவில் எத்தனை டன் என்ற புள்ளிவிவரத்தை உங்கள் அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. நாட்டின் மொத்த உற்பத்தியில் தமிழ்நாட்டின் பங்கு நூற்றில் ஒன்றை ஒட்டித்தான் வரும். சிறிய பங்கு என்பதால்தான் எங்களை யாரும் கவனிக்கவில்லை போலும். ஆனால் எடுத்துக்கொண்ட நிலம் அதன் சொந்தக்காரருக்குச் சிறியது அல்ல.

எங்கள் ஊரில் வயதான ஓர் அம்மாள் இருக்கிறார். கணவர் இறந்துவிட்டார். கணவர் காலத்தில், ஒன்றரை ஏக்கர் நஞ்சையை எண்ணெய்க் கிணறு தோண்டக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். எந்த நிறுவனத்துக்கு என்பதை இங்கே எழுதவில்லை. இந்தப் படுகையில் அரசு நிறுவனமும் தனியார் நிறுவனங்களும் உரிமம் பெற்றிருக்கின்றன. பெயரை எழுதினால் ஏதோ ஓர் அலுவலகத்தின் கவனக்குறைவு என்று சொல்லி இந்த மடலை மூடிவிடுவீர்கள். எல்லா நிறுவனங்களுக்கும் விதி வகுக்கும் இடத்தில் இருப்பவர் நீங்கள் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த நிலத்தில் கிராவலும் ஜல்லியும் கொட்டி, வயல் மட்டத்துக்கு மேலே மேடு கட்டினார்கள். சுற்றிலும் வேலி, நடுவில் வால்வுகள் அடுக்கிய குழாய்த்தலை. முதலில் லாரிகள் ஓயாமல் வந்தன. பிறகு குறைந்தன. பிறகு வேலையாட்கள் வருவது நின்றது. காவலாளியும் போனார். குத்தகைப் பணம் தாமதமாக வந்துகொண்டிருந்து, ஒரு கட்டத்தில் வராமலே போனது. விசாரித்தால் கிணறு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மேடு வடிகாலை மறிப்பதால் பக்கத்து வயல்களில் தண்ணீர் தேங்கிச் சம்பாப் பயிர் அழுகுவது தனிக் கதை.

அந்த அம்மாளின் பேத்தி நர்சிங் படிக்கிறாள். கட்டணத்துக்காக நிலத்தை அடமானம் வைக்க வங்கிக்குப் போனார். வங்கியின் வழக்கறிஞர் ஒரே ஒரு தாள் கேட்டார்: குத்தகை இன்னும் நடப்பில் இருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று நிறுவனம் தரும் கடிதம். அந்தத் தாள் இன்றுவரை கிடைக்கவில்லை. கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் இல்லை என்று இருப்பதால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இல்லை. பயிர்க் காப்பீடும் இல்லை. விற்கலாம் என்றால், வாங்க வருபவர் வேலியைப் பார்த்ததுமே திரும்பிவிடுகிறார். பட்டா அவர் பெயரில் இருக்கிறது. வரி அவர் கட்டுகிறார். நிலத்துக்குள் கால் வைக்க அவரால் முடியவில்லை.

அவருக்காகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன். கிணற்றின் நிலை என்ன, கடைசியாக எந்த ஆண்டு எண்ணெய் எடுக்கப்பட்டது, எவ்வளவு எடுக்கப்பட்டது என்று கேட்டோம். வணிக நம்பிக்கைக்கு உரிய தகவல் என்று, சட்டத்தின் 8(1)(ஈ) பிரிவைக் காட்டி மறுத்துவிட்டார்கள். பொது நலன் பெரிதாக இருந்தால் தகவலைத் தரலாம் என்று அதே பிரிவு சொல்வதை அவர்கள் கண்டுகொள்ளவில்லை. அமைச்சர் அவர்களே, வெளிநாட்டு வயல்களின் உற்பத்தி ஏறி இறங்குவதைப் பங்குதாரர்களுக்குச் சொல்வதில் வணிக இரகசியம் இல்லை. நிலத்தைக் கொடுத்தவரிடம், உங்கள் கிணறு நின்றுவிட்டது என்று சொல்வதில் மட்டும் என்ன இரகசியம்?

எண்ணெய்க் கிணறு என்றைக்கும் ஒரே அளவில் ஓடாது என்பது எங்களுக்குத் தெரியும். அடியில் அழுத்தம் குறையும். எண்ணெயோடு வரும் தண்ணீர் ஆண்டுக்கு ஆண்டு கூடும். எடுக்கிற செலவுக்குக் கட்டுப்படாத நாள் வரும். அப்படி ஒரு நாள் வந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் உங்கள் பொறியாளர்கள் அறிவார்கள். கிணற்றுக்குள் வேண்டிய ஆழங்களில் சிமெண்ட் அடைப்பு வைத்து, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி மூடி, கொட்டிய கற்களை அள்ளி, மண்ணைச் சரிசெய்து நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். இதற்குப் பணம் செலவாகும். கிணற்றைத் தற்காலிகமாக நிறுத்தியதாகச் சொல்லிக்கொண்டிருந்தால் செலவு இல்லை. எத்தனை ஆண்டுகள் வரை அது தற்காலிகம் என்று கேட்க கிராமத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை. எங்கள் கோபம் இந்த இடத்தில்தான்.

வெளிநாட்டில் தவறு நடந்தால் கேட்க ஆள் இருக்கிறது. 2009இல் ஓஎன்ஜிசி விதேஷ் இருநூறு கோடி டாலருக்கும் மேல் கொடுத்து, ரஷ்யாவின் சைபீரியாவில் எண்ணெய் எடுத்துவந்த இம்பீரியல் எனர்ஜி நிறுவனத்தை வாங்கியது. எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவர் அதைக் கண்டித்து அறிக்கை தந்தார், நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சைபீரியாவில் குறைந்த எண்ணெய்க்குக் கணக்குக் கேட்ட அதே நாட்டில், புவனகிரியில் நின்றுபோன கிணற்றுக்கு ஒரு கடிதம் வாங்க முடியவில்லை.

2015இல் பிரதமர் ஓர் இலக்கை அறிவித்தார்: எண்ணெய் இறக்குமதியைச் சார்ந்திருப்பதை 2022க்குள் பத்து விழுக்காட்டுப் புள்ளிகள் குறைப்போம் என்று. அன்று அது 77 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. 2023-24இல் 87 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. 2011-12இல் நாடு முழுவதும் 3 கோடியே 80 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி, 2023-24இல் மூன்று கோடி டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கும் புரிகிறது. டீசல் ஊற்றித்தான் நாங்களும் உழுகிறோம், அறுக்கிறோம். ஆனால் அந்த அவசரத்தின் பாரம் முழுவதும் எங்கள் பக்கம் சாய்கிறது. எண்ணெய், எரிவாயுத் தேடலுக்கான கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று 2020 ஜனவரியில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதியைத் திருத்தியது. புதிதாகத் தோண்டும்போது எங்களைக் கேட்க வேண்டியதில்லை. பழையதைக் கைவிடும்போது எங்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. பிறகு நாங்கள் எதற்குத்தான் இருக்கிறோம்?

அதே ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதில் உண்டு. வரவேற்றோம். ஆனால் அந்தச் சட்டம் புதிய கிணறுகளைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே நடப்பில் இருந்தவற்றைத் தொடவில்லை. மாநிலச் சட்டம் என்பதால் புதுச்சேரி ஆட்சிப் பகுதியான காரைக்காலுக்கு அது செல்லாது. நிரவியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கும் விவசாயிகளுக்கு அந்தக் காகிதப் பாதுகாப்புகூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டத்திலேயே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டுகிறார்கள். அங்கே எங்களைவிடப் பெரிய துயரங்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனாலும் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தத்தின்படி, சுரங்கம் நடத்துபவர் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு ஒரு பங்கு கட்ட வேண்டும். அந்தப் பணம் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு என்று சட்டம் சொல்கிறது. எண்ணெய் மட்டும் அந்தச் சட்டத்துக்கு வெளியே. அதற்குத் தனிச் சட்டம், 1948ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டம். நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கு உரிமைத்தொகை (ராயல்டி) மாநில அரசுக்குப் போகிறது. கடலில் எடுப்பதற்கு ஒன்றிய அரசுக்கு. கிணறு இருக்கும் ஊராட்சிக்கு என்று ஒதுக்கிய பங்கு எதுவும் இல்லை. 2025 மார்ச்சில் அந்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் திருத்தினீர்கள். முதலீடு செய்ய வருபவர்களுக்குக் குத்தகைக் காலம் முழுவதும் நிலையான நிபந்தனைகள் வேண்டும் என்று அக்கறை காட்டினீர்கள். நிலம் கொடுத்தவருக்கும் நிபந்தனைகள் உண்டு என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிய தொகை அல்ல, புதிய துறை அல்ல. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு வரி. கிணற்றின் எண், அது இருக்கும் சர்வே எண், ஓடுகிறதா நிறுத்தப்பட்டிருக்கிறதா கைவிடப்பட்டதா, அந்த ஆண்டு எடுத்த எண்ணெயும் எரிவாயுவும் எவ்வளவு, குத்தகை எந்தத் தேதி வரை. இதை ஆண்டுக்கு ஒருமுறை தமிழில் எழுதி, கிணறு இருக்கும் ஊராட்சியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். கிராம சபையில் படிக்கச் சொல்லுங்கள். காவிரிப் படுகையில் உரிமம் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனத்தையும், அரசுடையதோ தனியாருடையதோ, இதற்குக் கட்டுப்படுத்துங்கள். நிறுத்தி வைத்த கிணறு குறித்த காலத்துக்குள் மீண்டும் ஓடாவிட்டால் அதை முறையாக மூடி நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். எத்தனை ஆண்டு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். இரண்டோ மூன்றோ, ஏதாவது ஓர் எண் இருக்கட்டும்.

இந்தக் கணக்கு நிறுவனங்களிடம் இல்லாமல் இல்லை. கிணறு வாரியாகக் கணக்கு வைக்காமல் மொத்தத் தொகை வராது. 1 கோடியே 85½ லட்சம் டன் என்று கூட்டிச் சொல்ல முடிந்தவர்களால், அந்தக் கூட்டலில் எங்கள் கிணற்றுக்கு நேரே என்ன எண் எழுதினார்கள் என்றும் சொல்ல முடியும். பூச்சியம் என்றால் பூச்சியம் என்றே எழுதித் தரட்டும். அந்த அம்மாள் அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போவார்.

கடலூர், சிதம்பரம், புதுச்சேரி தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் இந்த மடலின் படியை அனுப்புகிறேன். கடலூர், காரைக்கால் மாவட்டங்களில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ள கிணறுகள் எத்தனை, ஒவ்வொன்றும் எந்த ஆண்டிலிருந்து நிற்கிறது என்று மூவரும் வரும் கூட்டத்தொடரில் உங்களிடம் எழுத்துமூலம் கேட்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். பேத்தியின் அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்குக் கல்லூரி தேதி குறிக்கும் முன் பதில் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
நெல் விவசாயி ஒருவன்,
புவனகிரி வட்டம், கடலூர் மாவட்டம்.