பிள்ளைக் கணக்கு: கமலாவுக்கு

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு அம்மை இறங்கிவிட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முட்டிவலிதான் விடவில்லை.

பாட்னாவில் உங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு அதற்குள் நாலு பிள்ளை, மாமியார் இன்னொரு பையன் கேட்கிறாள் என்று வருத்தப்பட்டிருந்தாய். நாம் நர்ஸ் வேலையில் சேர்ந்தபோது நம் ஊர் மட்டும் எப்படி இருந்தது? "மரம் வச்சவன் தண்ணி ஊத்தமாட்டானா" என்று எத்தனை திண்ணைகளில் கேட்டிருப்போம்! 1971-ல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேல் ஒரு வயதைத் தாண்டவில்லை. பெற்றது தங்குமா என்றே தெரியாதவள் இரண்டு போதும் என்று எப்படிச் சொல்வாள்? எமர்ஜென்சியில் வடக்கே ஆண்களைப் பிடித்துப்போய் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள். ஜனங்களுக்குப் பயம்தான் மிஞ்சியது.

கீழத்தெருவில் அந்தப் பூக்காரியை நினைவிருக்கிறதா? முதல் இரண்டும் பறிகொடுத்தவள். அடுத்தடுத்துப் பிறந்த இரண்டும் தடுப்பூசி போட்டு, ஓடியாடி, சத்துணவுத் தட்டோடு பள்ளிக்குப் போனபின் அவளாகவே வந்தாள். "சிஸ்டர், ஆபரேஷனுக்கு என் பேரை எழுதிக்கோங்க." மாமியார் தெருவில் நின்று கத்தியும் அவள் அசையவில்லை. மூத்தவள் இன்று டீச்சர்.

இப்போது இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை, பீகாரில் 3 (2019-21 கணக்கெடுப்பு). இருக்கும் பிள்ளைகளுக்கே வகுப்பறை கட்டி முடியாதபோது அடுத்த கூட்டம் வாசலில் நின்றால் எந்த அரசு ஈடுகொடுக்கும்? ஆனாலும் 2006-ல் அங்கே மாணவிகளுக்கு சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தார்களே, பெண்பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அந்த வழியில்தான் எனக்கு நம்பிக்கை.

இங்கே பேச்சு தலைகீழாகிவிட்டது. 2024 அக்டோபரில் ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு நிறையப் பெறுங்கள் என்றார். ஸ்டாலினும் ஒரு கல்யாண மேடையில், பதினாறு பெற்றால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது என்றார். மக்கள்தொகைக் கணக்குப்படி தொகுதிகளைப் பிரிக்கும்போது, அதைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையாக நம் எம்.பி. தொகுதிகள் குறையக்கூடாது, அதில் எனக்கும் கோபம் உண்டு. அந்த நியாயத்தை நாடாளுமன்றத்தில் போராடி வாங்கட்டும். ரத்தசோகையோடு நம்மிடம் பிரசவத்துக்கு வந்த பெண்களைப் பார்த்த பிறகு, தொகுதிக்காகப் பிள்ளை பெறச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசு. அவளுக்கு எத்தனை வேண்டும் என்று அவளையே கேள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம் என்று சொல். கடைக்குட்டியின் தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பார்.

பொங்கலுக்கு வருவாய்தானே? பதில் போடு.

அன்புடன்,
ராஜம்