பிள்ளை வீட்டுக்கு வந்தாச்சு, அப்புறம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பாம்பன் பக்கத்தில் ஓர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். என் தம்பி மகனுக்கு நாலு வயது. போன மழைக்காலத்தில் நிமோனியா முற்றி, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் 11 நாள் கிடந்தான். அதில் 6 நாள் வென்டிலேட்டர். பிழைத்து வந்துவிட்டான். காப்பாற்றியவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். நான் எழுத நினைத்தது அதற்கப்புறம் நடந்ததை.

மீன் ஏற்ற வரும் ஐஸ் லாரி எங்கள் தெருமுனையில்தான் ரிவர்ஸ் எடுக்கும். பீப், பீப் என்று சத்தம் வரும். வீட்டுக்கு வந்த முதல் வாரம், அதைக் கேட்டதும் பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிவிட்டான். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் அம்மாவுக்கு மட்டும் விளங்கியது. ஐ.சி.யூ. மானிட்டரும் அப்படித்தான் கத்துமாம்.

அவளும் தூங்குவதில்லை. ராத்திரி முழுக்கப் பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். தம்பி வேறு மாதிரி. விசைப்படகு கடலுக்குப் போகிற திங்கள், புதன், சனியில்கூட 'இன்னிக்கு வேண்டாம்' என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். வட்டி அது பாட்டுக்கு ஏறியது. பார்க்க வந்தவர்களோ ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, 'செத்துப் பொழச்ச புள்ள' என்று அவன் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டு மாசம் கழித்து மூத்தவள் என்னிடம் கேட்டாள்: "அத்தை, நான் குச்சி ஐஸ் வாங்கிக் குடுத்ததாலதானே தம்பிக்கு அப்படி ஆச்சு?" அவளுக்கு ஒன்பது வயது. அந்த 11 நாளும் அவளைப் பாட்டியிடம் விட்டிருந்தோம். பயப்படுவாள் என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் தானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தேன். சிரப் எத்தனை மில்லி, மறுபடி எப்போது வரவேண்டும், எல்லாம் இருக்கிறது. இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இத்தனைக்கும் மருத்துவர்கள் 2012இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய பாதிப்பு. நோயாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் அது வரும் என்று அப்போதே சொல்லியிருக்கிறார்கள். 2018இல் குழந்தைகளுக்கென்று தனியாகவும், பெற்றோர், கூடப்பிறந்தவர்களைச் சேர்த்து எழுதினார்கள்.

தம்பி மனைவியை மனநல டாக்டரிடம் காட்டலாம் என்றேன். "ஏன்டி, அவளை ஏர்வாடிக்கு அனுப்பப் பாக்குறியா?" என்று என் அம்மாவே சீறினார். 2001இல் மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் தீயில் செத்த ஊர் அது. அந்தப் பயம் இந்தக் கரையை விட்டு இன்னும் போகவில்லை. தம்பி மனைவி சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றினாள், தர்காவில் தண்ணீர் ஓதி வாங்கினாள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். "நீ சாப்பிட்டியாம்மா, தூங்குனியா?" என்று அவளை முதலில் கேட்டதே தர்கா வாசலில் இருந்த ஒரு பாட்டிதான்.

கடைசியில் 14416க்கு நானே போன் போட்டு அவள் கையில் கொடுத்தேன். 2022இலிருந்து இருக்கிற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், காசில்லை. முதலில் அழுதாள், அப்புறம் பேசினாள். பிள்ளைக்கு அங்கன்வாடியில் ஒரு பொம்மையும் துண்டு டியூபும் கொடுத்தேன். பொம்மை வாயில் டியூபை வைத்துவிட்டு, "வலிக்காது, அம்மா வெளியதான் இருக்காங்க" என்றான். எந்த நர்சு அவனிடம் அப்படிச் சொன்னாரோ, அவர் நல்லா இருக்கட்டும்.

பிரசவமான வீட்டுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வருகிறார். ஐ.சி.யூ.விலிருந்து திரும்பிய பிள்ளை வீட்டுக்கும் வந்தால் என்ன? டிஸ்சார்ஜ் அன்றைக்கே ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு தகவல் போனால் போதும். 'மனசு சரியில்லை' என்று சொல்ல 150 கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறி மதுரைக்கு யார் போவார்கள்? ராமநாதபுரத்திலேயே இப்போது மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குழந்தைகள் பிரிவில் மாதம் ஒரு நாளை இந்தக் குடும்பங்களுக்கு ஒதுக்கலாம். வீட்டுக்கு வருகிற செவிலியர், சிரப்பைச் சரிபார்த்த கையோடு, அம்மா தூங்குகிறாளா, அக்கா என்ன சொல்கிறாள் என்றும் கேட்டுவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.