ரயில் ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச விரும்புவது, இந்த ஆண்டு நம்மை ஆட்கொண்ட இரண்டு சின்ன எஞ்சின்களைப் பற்றி.

நம்மில் பலர் பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டித்தான் இங்கே வருகிறோம். தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அதில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். 1878-இல் அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. அதே பிரபு, சென்னைக்கு வருமுன் இங்கிலாந்தில் தம் நிலங்களுக்காக வாட்டன் டிராம்வே என்ற சிறு ரயில் பாதையைப் போட்டவர் என்பது ஜூன் கூட்டத்தில்தான் பலருக்கும் தெரிந்தது.

1871-இல் தொடங்கிய அந்தப் பாதை குதிரைகளுக்கானது. தண்டவாளம் இலேசு, வழக்கமான எஞ்சினின் எடையைத் தாங்காது. எனவே 1872-இல், சாலை எஞ்சின்கள் செய்துவந்த ஏவ்லிங் அண்டு போர்ட்டர் நிறுவனத்திடம் இரண்டு எஞ்சின்கள் வாங்கினார்கள். ஒன்றின் விலை 398 பவுன். கொதிகலன் மீது ஒற்றை சிலிண்டர், பக்கத்தில் பெரிய பிளைவீல் (சுழற்சியைச் சீராக்கும் கனமான சக்கரம்), பல்சக்கரங்கள், அங்கிருந்து அச்சுகளுக்குச் சங்கிலி. பாதையின் நீளம், குவெய்ன்டன் ரோடு நிலையம் முதல் பிரில் வரை, ஏறக்குறைய ஆறரை மைல். போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆமை வேகம் என்று நம்மில் சிலர் குறைபட்டார்கள். நான் ஒப்பவில்லை. வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்குவதுதான் பல்சக்கரத்தின் வேலை. அந்தப் பாதைக்கு அதுவே தேவைப்பட்டது.

லேத் பட்டறையில் ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர், கால்பங்கு அளவில் மாதிரி ஒன்றைச் செய்தார். உடம்பு ஒட்டுப்பலகை, சங்கிலி சைக்கிளுடையது. செப்டம்பரில் முதன்முறை சுழற்றியபோது சங்கிலி கழன்று விழுந்தது. பின்னச்சு நூலிழை அளவு கோணியிருந்தது. தாங்கிக்கு அடியில் இரண்டு வாஷர்கள் வைத்தார், அன்றிலிருந்து கழலவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்த ஒரு சிறுமி, சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, அது ஒரு முறை உருள பிளைவீலை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று சத்தமாக எண்ணினாள். இந்த ஆண்டில் எனக்கு மிகப் பிடித்த கூட்டம் அதுதான்.

அசல் எஞ்சின்களில் ஒன்று, பிறகு ஒரு செங்கல் சூளையில் உழைத்து, இன்று லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நம் மாதிரியோ மாடிப்படிக்கு அடியில், மழைச்சாரல் படும் இடத்தில் கிடக்கிறது. அதற்கு ஒரு மூடிய பெட்டி செய்ய இக்கூட்டம் அனுமதி தர வேண்டும் என்று முன்மொழிகிறேன்.